நன்றியுணர்வு: உடம்புக்குக் கொஞ்சம், உறவுக்கு நிறைய

தினமும் காலையில் எழுந்ததும், நன்றி சொல்லத் தோன்றும் ஐந்து விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றே வாரத்தில் ரத்த அழுத்தம் குறையும், சர்க்கரை கட்டுக்குள் வரும், படுத்ததும் தூக்கம் சொக்கும். இப்படி ஒரு செய்தி சுற்றாத குடும்ப வாட்ஸ்அப் குழு அபூர்வம். அனுப்புகிறவர் பெரும்பாலும் நம் சித்தப்பா ஒருவராக இருப்பார், கீழே ஒரு சூரிய உதயப் படமும் இருக்கும். அட்டையில் 'நன்றி டைரி' என்று அச்சடித்த நோட்டுகளும் விற்பனைக்கு வந்துவிட்டன.

இதெல்லாம் சுத்த டூப் என்று தள்ளிவிடவும் முடியாது. இருபது வருடத்துக்கும் மேலாக உளவியல் துறையில் இதைப் பற்றி ஆய்வு நடக்கிறது. அந்த ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: நன்றியுணர்வால் உடம்புக்குக் கிடைக்கும் பலன் சின்னது, அதுவும் பாதி சுற்றுவழியில் வருவது. உறவுக்குக் கிடைப்பது பெரியது. ஆனால் நோட்டில் எழுதி மூடி வைத்தால் அந்தப் பலனில் பெரும்பகுதி கைக்கு வராது. சம்பந்தப்பட்ட ஆளிடம் வாய் திறக்கவேண்டும்.

வாட்ஸ்அப் செய்திக்கெல்லாம் மூலம் 2003இல் வெளியான ஓர் ஆய்வு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் எம்மன்ஸும், அப்போது மயாமி பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் மெக்கலாவும் சேர்ந்து செய்தது. கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் ஒருமுறை, அந்த வாரத்தில் நன்றியோடு நினைத்துப் பார்க்கக்கூடிய ஐந்து விஷயங்கள் வரை எழுதவேண்டும். இரண்டாம் குழு அந்த வாரத்துத் தொல்லைகளை எழுதவேண்டும். மூன்றாம் குழு நடந்ததைச் சும்மா எழுதினால் போதும். இப்படிப் பத்து வாரம். முடிவில் முதல் குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகப் பேசினார்கள், வரும் வாரம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், தலைவலி வயிற்றுவலி மாதிரியான உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். உடற்பயிற்சியும் வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகச் செய்திருந்தார்கள்.

செய்தி இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆய்வு நிற்கவில்லை. உடற்பயிற்சியில் தெரிந்த வித்தியாசம், தொல்லைகளை எழுதிய குழுவோடு ஒப்பிட்டபோது வந்தது. பத்து வாரம் உட்கார்ந்து எரிச்சலை மட்டுமே பட்டியல் போட்டவனுக்கு ஓடப் போகும் ஆசை குறைந்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. அப்புறம், அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில் வாரம் ஒருமுறை என்பதைத் தினமும் என்று மாற்றி இரண்டு வாரம் செய்து பார்த்தார்கள். மனநிலை மேம்பட்டது, பிறருக்கு உதவியதாகவும் அதிகம் பேர் சொன்னார்கள், ஆனால் உடல் உபாதையில் மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் பகுதியில் தசை நரம்பு நோய் உள்ளவர்கள் 21 நாள் எழுதினார்கள். உடம்பைப் பொறுத்தவரை அவர்களிடம் தெரிந்த தெளிவான மாற்றம் தூக்கத்தில்தான்: கூடுதல் நேரம் தூங்கினார்கள், எழும்போது தெளிவாக இருந்ததாகச் சொன்னார்கள். ரத்த அழுத்தத்தையோ சர்க்கரையையோ இதில் யாரும் அளக்கவே இல்லை.

நன்றியையும் உடம்பையும் இணைக்கும் நம்பத்தகுந்த கண்ணி தூக்கம். பிரிட்டனில் 401 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வு, அது எப்படி நடக்கிறது என்றும் காட்டியது. விளக்கை அணைத்தபின் நம் மண்டைக்குள் ஓடுவது என்ன? நாளைக்குக் கட்டவேண்டிய தவணை, மேனேஜர் முகத்தைச் சுளித்தது, மாமியார் போனில் சொன்ன ஒரு வார்த்தை. நன்றியுணர்வு அதிகம் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் கவலை எண்ணங்கள் குறைவாகவும் இதமான எண்ணங்கள் அதிகமாகவும் வருகின்றன, அதனால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது. நன்றி நேராக உடம்பில் இறங்கி வேலை செய்வதில்லை. கவலை உட்காரும் நாற்காலியில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதயம் பற்றியும் பேசுகிறார்கள். சான் டியேகோவில் பால் மில்ஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், இதயம் பாதிக்கப்பட்டும் அறிகுறி இன்னும் தெரியாத 186 நோயாளிகளைப் பார்த்தார்கள். நன்றியுணர்வு அதிகம் இருந்தவர்களுக்குத் தூக்கம் நன்றாக இருந்தது, சோர்வு குறைவு, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் குறியீடுகளும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் நன்றியால் அழற்சி குறைந்ததா, உடம்பு நன்றாக இருப்பதால் மனசு நன்றியோடு இருக்கிறதா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த வகையில் மிகப் பெரியது, அமெரிக்கச் செவிலியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்விலிருந்து 2024இல் வந்தது. சராசரி வயது 79 உள்ள 49,275 பெண்கள் 2016இல் நன்றியுணர்வை அளக்கும் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். 2019 முடிவதற்குள் அவர்களில் 4,608 பேர் இறந்துவிட்டார்கள். நன்றியுணர்வில் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு, கீழ்ப் பங்கில் இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 9 சதவீதம் குறைவு. வருமானம், ஏற்கெனவே உள்ள நோய், புகைப்பழக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு இது. ஒன்பது சதவீதம் சும்மா இல்லை. ஆனால் 79 வயதில் ஒருவர் நன்றியோடு இருக்கிறார் என்பதும், ஒருவரை நன்றியோடு இருக்கப் பழக்கினால் ஆயுள் கூடும் என்பதும் வேறு வேறு. முதலாவதைத்தான் இந்த ஆய்வு பார்த்தது.

மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் நன்றிப் பயிற்சி மருந்தாகுமா என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 3,675 பேர். பலன் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. நன்றி எழுதியவர்களுக்கும் வேறு ஏதோ சாதாரணமாக எழுதியவர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. உண்மையான மனச்சோர்வு உள்ளவர்கள் முறையான சிகிச்சைக்குப் போகட்டும் என்பதே அவர்கள் சொன்ன யோசனை. மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் போய், "உனக்கு என்ன குறை? இருக்கறத நினைச்சு சந்தோஷப்படு" என்று சொல்வது நம்மிடம் உள்ள மோசமான பழக்கம். அந்த ஆளுக்குக் குறை ஏதும் இல்லை என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் முடியவில்லை என்பதுதான் நோய்.

சரி, இனி உறவு.

பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மோனிகா பார்ட்லெட், டேவிட் டெஸ்டெனோ இருவரும் 2006இல் வெளியிட்ட பரிசோதனை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு சின்ன நாடகமே இருக்கிறது. ஒருவரைக் கணினி முன் உட்காரவைத்து அலுப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் இன்னொருவர், அவர் ஆய்வாளர்களின் ஆள். வேலை முடியும் நேரத்தில் திரை இருண்டுவிடுகிறது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும் என்று ஆகிறது. கிளம்பிக்கொண்டிருந்த பக்கத்து ஆள் நின்று, குனிந்து, வயரை இழுத்துப் பார்த்துச் சரிசெய்துவிடுகிறார். திரை திரும்பி வருகிறது, செய்த வேலையும் தப்பிக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள் வந்து, ஒரு நீளமான கேள்வித்தாளை நீட்டி, முடிந்தவரை போட்டுத் தருவீர்களா என்கிறார். உதவி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட வெகுநேரம் உட்கார்ந்து அதைப் போட்டுக்கொடுத்தார்கள்.

இதுவரை எதிர்பார்த்ததுதான், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தல். அடுத்த கட்டத்தில் கேள்வித்தாளோடு வந்தது முன்பின் தெரியாத ஓர் ஆள். அவருக்கும் கூடுதல் நேரம் செலவழித்தார்கள். ஆக, நன்றி என்பது குறிப்பிட்ட ஒருவருக்குக் கட்டவேண்டிய பாக்கியாக மட்டும் இருக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு அது மனிதரையே இளக்கிவிடுகிறது.

நன்றி கேட்டவருக்கு என்ன ஆகிறது? ஆஸ்திரேலியாவிலிருந்து லிசா வில்லியம்ஸும் அதே பார்ட்லெட்டும் செய்த இன்னொரு ஆய்வு இதைப் பார்த்தது. கல்லூரி மாணவர்கள், பள்ளி மாணவர் ஒருவரின் கட்டுரைக்கு யோசனை சொல்லித் தந்தார்கள். அந்தப் பள்ளி மாணவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சிலருக்கு யோசனை கிடைத்தது என்று மட்டும். சிலருக்கு அதோடு ஒரு வரி நன்றி. பிறகு அந்த மாணவருக்கு ஒரு குறிப்பு எழுத வாய்ப்புக் கொடுத்தபோது, தங்கள் தொடர்பு விவரத்தை எழுதிவைத்துப் போனவர்கள் பெரும்பாலும் நன்றி வரி பெற்றவர்கள். ஒரு வரிக்கு இவ்வளவு விளைவு. இந்த ஆள் பழகத்தகுந்தவர் என்ற எண்ணத்தை அது ஏற்படுத்திவிடுகிறது.

வட கரோலினாவின் சாரா அல்கோ இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர். நல்லவர்களை அடையாளம் காட்டுவது, ஏற்கெனவே இருக்கும் நல்லவர்களை நினைவுபடுத்துவது, அவர்களோடு கட்டிப்போடுவது, இந்த மூன்றும்தான் நன்றியின் வேலை என்பது அவர் வாதம். சேர்ந்து வாழும் ஜோடிகளை இரண்டு வாரம் தினமும் இரவில் குறிப்பு எழுதச் சொல்லி 2010இல் அவர் வெளியிட்ட ஆய்வில், துணை செய்த ஏதோ ஒரு சின்ன காரியத்துக்காக இன்று நன்றி தோன்றினால், நாளைக்கு உறவு நெருக்கமாக உணரப்பட்டது. நன்றி உணர்ந்தவருக்கு மட்டும் இல்லை, துணைக்கும்தான்.

அவருடைய 2016 ஆய்வு இன்னும் கூர்மையானது. நன்றி சொல்வதில் இரண்டு வகை உண்டு. மழை நாளில் கணவர் பஸ் ஸ்டாப்பில் குடையோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நல்லவேளை, நான் நனையாம வந்துட்டேன்" என்பது ஒரு வகை. "ஆபீஸ்லேருந்து வந்து சட்டைகூட மாத்தாம ஓடி வந்திருக்கீங்க" என்பது இன்னொரு வகை. முதலாவது எனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்கிறது, இரண்டாவது நீங்கள் செய்ததைப் பார்த்துச் சொல்கிறது. ஜோடிகளின் பேச்சை ஆராய்ந்தபோது, செய்தவர் மனதில் நெருக்கத்தை உண்டாக்கியது இரண்டாவது வகைதான். நம்மில் பலர் நன்றி சொல்லியும் அது எடுபடாமல் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கிடைத்த லாபத்தைச் சொல்லிவிட்டு, பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு கேள்வி எழும்: வீட்டுக்குள் யார் நன்றி சொல்கிறார்கள்? அம்மாவிடம் தேங்க்ஸ் சொன்னால் "என்னடா புதுசா?" என்பார். நண்பனிடம் சொன்னால் "நமக்குள்ள என்ன தேங்க்ஸ்?" என்று கோபித்துக்கொள்வான். இது நமக்கு மட்டுமான வினோதம் என்று நினைக்கவேண்டாம். ஐந்து கண்டங்களில் எட்டு மொழி பேசும் மக்களின் அன்றாடப் பேச்சை வீடியோ எடுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் கேட்டதை மற்றவர் செய்துகொடுத்த தருணங்களில் வாயால் நன்றி சொன்னது சராசரியாக இருபதில் ஒருமுறை. ஆங்கிலம் பேசுகிறவர்களே கூட ஏழில் ஒருமுறைதான் சொன்னார்கள். எக்வடோரின் சாபலா மொழி பேசுவோர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதற்காக யாரும் யாருக்கும் உதவாமல் இருந்துவிடவில்லை.

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1985இல் எழுதிய ஒரு கட்டுரை தென்னிந்தியாவில், குறிப்பாகத் தமிழரிடையே, நன்றி எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியது. வாய்ச்சொல்லைவிடத் திருப்பிச் செய்யும் செய்கையில்தான் அது வெளிப்படுகிறது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொடுத்தால், கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். வீட்டில் செய்தது எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம். வாங்குகிறவரும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஒரு வார்த்தை நன்றி இல்லை, ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. புதுமனை புகுவிழாவில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பதும் இதே கணக்குத்தான்.

இந்த ஏற்பாட்டில் அழகும் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. திருப்பிச் செய்ய முடிகிற உதவிக்கு இது பொருந்தும். தினம் தினம் நடக்கும் வேலைக்கு? காலை ஐந்தரைக்கு எழுந்து டிபன் கட்டுவதற்கு எந்தக் கிண்ணத்தில் சர்க்கரை போட்டுத் திருப்புவது? செய்கையும் இல்லாமல் சொல்லும் இல்லாமல் போகிற இடம் அதுதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களைப் பார்த்துவிட்டு 1989இல் எழுதியபோது, வீட்டுக்குள் ஒரு நன்றிப் பொருளாதாரம் நடக்கிறது என்றார். எது கடமை, எது உபகாரம் என்று இருவரும் வெவ்வேறு விதமாக எண்ணிக்கொண்டிருந்தால் சண்டை அங்கே தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டன் குழம்பு வைத்த கணவரை ஊரே பாராட்டுகிறது; மீதி ஆறு நாளும் வைத்தவருக்கு உப்பு குறைந்தால் மட்டும் விமர்சனம் வருகிறது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இருநூறு நிமிட இடைவெளியை "நீ இல்லன்னா இந்த வீடே ஓடாது" என்று சொல்லி நிரப்பப் பார்ப்பதை நன்றி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாத்திரத்தில் பாதியைத் தேய்த்துவிட்டுச் சொன்னால் கேட்கலாம்.

இன்னொரு சிக்கல், நன்றி கடனாக மாறுவது. மொய் நோட்டு நமக்குத் தெரியும். யார் எவ்வளவு எழுதினார் என்று பேர் போட்டு வைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். அது நல்ல ஏற்பாடு, ஆனால் அதில் நெகிழ்ச்சிக்கு வேலை இல்லை. அமெரிக்க உளவியலாளர் பிலிப் வாட்கின்ஸ் குழு 2006இல் இதைச் சோதித்தது: உதவியவர் பதிலுக்கு எதிர்பார்க்கிறார் என்று தெரியத் தெரிய, பெற்றவரிடம் கடன்பட்ட உணர்வு ஏறியது, நன்றியுணர்வு இறங்கியது. "உன்னைப் படிக்கவச்சதே நான்தான்" என்று வருடாவருடம் நினைவூட்டும் மாமாவின் மேல் ஏன் பாசம் வரமாட்டேன் என்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. பிள்ளைகள் தங்கள் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொள்ளும்போது "நன்றி கெட்டவன்" என்ற பட்டம் வந்து விழுவதும் இந்தக் கடன் கணக்கிலிருந்துதான்.

நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால் எல்லா ஊரிலும் ஒரே விளைவு வருவதில்லை என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது. 2017இல் வெளியான ஒரு ஒப்பீட்டில், அமெரிக்கர்களும் இந்தியர்களும் அப்படி எழுதினார்கள். இந்தியர்களுக்கு மகிழ்ச்சியோடு குற்ற உணர்வும் வருத்தமும் சேர்ந்து வந்தன. அப்பாவுக்கு நன்றி எழுத உட்கார்ந்தால், அவருக்கு நான் என்ன செய்தேன் என்ற கேள்வியும் கூடவே வந்து உட்காரும் என்பது நமக்கு யாரும் ஆய்வு செய்து சொல்லவேண்டிய விஷயம் இல்லை. அந்த நெருடல் வருவதால் பயிற்சி தோற்றுவிட்டது என்று நினைக்கவேண்டாம், ஆனால் அமெரிக்கச் செயலி சொல்லும் 'உடனடி ஆனந்தம்' வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம்.

அடிப்பவரிடம், அவமானப்படுத்துபவரிடம் நன்றியுணர்வைப் பழகச் சொல்வது ஆபத்து. "கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்" என்று குறள் சொல்வது, பழைய நட்பில் நேர்ந்த ஒரு காயத்தை ஆற்றிக்கொள்ள உதவும். தினமும் நடக்கும் வன்முறைக்கு அதை மேற்கோள் காட்டுகிறவர்களை நம்பவேண்டாம்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். தினமும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவில் உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி ஆறு வாரம் நடத்திய ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. தினம் எழுதினால் மூன்றாம் நாளே 'காபி, குடும்பம், ஆரோக்கியம்' என்று மனப்பாடமாகிவிடும். அதைவிட, ஒருவர் நம் வாழ்க்கையில் வராமலே போயிருக்கலாம் என்று யோசித்துப் பார்ப்பது பலமாக வேலை செய்கிறது. தங்கள் துணையைச் சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்கள், எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட உறவில் திருப்தியாக இருந்ததாக 2008இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தப் பெண் பார்க்கும் படலம் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்? ஹாஸ்டலில் வேறு அறை ஒதுக்கியிருந்தால்?

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் ஒப்பிட்டுப் பார்த்த பயிற்சிகளில் உடனடியாக அதிகம் பலன் தந்தது, முறையாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் நின்றது, மூன்று மாதத்தில் வடிந்துவிட்டது. ஆகவே இது ஒருமுறை போடும் தடுப்பூசி இல்லை, அவ்வப்போது செய்துகொண்டிருக்கவேண்டியது.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம்தான். அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018இல் இதை இரு பக்கமும் கேட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தார்கள், சரியான வார்த்தை கிடைக்கவில்லையே என்று தவித்தார்கள். பெற்றவர்களுக்குச் சங்கடம் அவ்வளவு இல்லை, எழுதியவர் நினைத்ததைவிட ஆச்சரியமும் சந்தோஷமும் அதிகம். வார்த்தை நயத்துக்கு யாரும் மார்க் போடவில்லை. பழைய கணக்கு டீச்சருக்கோ, கஷ்டகாலத்தில் மூன்று மாத வாடகை கேட்காமல் இருந்த வீட்டுக்காரருக்கோ சொல்லவேண்டியது இருந்தால் ஒரு போன் போதும், வாய்ஸ் மெசேஜ் என்றாலும் சரி. என்ன செய்தார் என்பதை விவரமாகச் சொல்லுங்கள், அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்பது உட்பட. ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். அதை அவர் பார்ப்பதற்கு முன் மற்ற இருநூறு பேர் பார்த்திருப்பார்கள்.